மூன்று விசில்

ஜூன் 9, திங்கள்

மூன்றுதான். எண்ணித்தான் இறக்கினேன். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

எங்கள் நோய்க்குறியியல் துறையில் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று இருக்கிறது. வீட்டுக் குக்கர்தான். ஃபார்மலினில் ஊறிய திசு இறுகிப்போயிருக்கும். சாய மருந்து உள்ளே ஏறாது. ஸ்லைடுகளைக் கரைசலில் நிறுத்தி குக்கரில் அவித்தால் இறுக்கம் தளரும். எங்கள் கணக்கு மூன்று விசில். டெக்னீசியன் லூர்து அக்கா பதினெட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறார். சனிக்கிழமை அவர் விடுப்பு, தங்கை மகனுக்கு ஆலயத்தில் புதுநன்மை விழா. அறுவைப் பிரிவு அவசரம் என்று எழுதியிருந்தது. நான் வைத்தேன்.

பெண், வயது 47. கணையத்தின் தலைப்பகுதியில் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கட்டி. முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. எண்டோஸ்கோப்பி ஊசி வழியாக நூல் நூலாக மூன்று துணுக்குகள் வந்தன. கதிர் வடிவச் செல்கள், இரு முனையும் கூராக நீண்டவை. கணையத்தில் இவை வழக்கமில்லை. எங்கிருந்து வந்த செல்கள் என்று தெரிய ஐந்து ஸ்லைடு, ஐந்து மருந்து. சரியான மருந்து பட்ட இடம் பழுப்பாகும்.

ஐந்திலும் பழுப்பில்லை. வெளிர்நீலம் மட்டும்.

துறைத் தலைவர் திலகம் மேடம் ஐந்தையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வருகிறது. அவர் மேசையில் கோப்புகள் கழுத்தளவு.

“எதுவுமே ஒட்டலியே சுகிர்தா. கன்ட்ரோல் பார்த்தாச்சா?”

“வெள்ளிக்கிழமை அக்கா போட்ட கன்ட்ரோல் நல்லா இருந்தது மேடம்.”

“அப்ப சரி. எழுது.”

கதிர் வடிவச் செல் கட்டி. வகை நிர்ணயிக்க இயலவில்லை. புற்றுத்தன்மையை விலக்க இயலாது. நான் எழுதினேன். அவர் கையெழுத்திட்டார்.

செய்ய வேண்டியவை: செருப்பு தைக்கக் கொடுப்பது. நூலகப் புத்தகம். செல்வினுக்கு வாழ்த்துச் சொல்வது.


ஜூன் 10, செவ்வாய்

ரிப்போர்ட் போய்விட்டது. துணி துவைத்தேன். மழை வரும்போல இருந்து வரவில்லை.


ஜூன் 11, புதன்

நயினார் சார் துறைக்கே இறங்கி வந்தார். அறுவைச் சிகிச்சைக்காரர்கள் மாடியை விட்டு இறங்குவது அபூர்வம். கையில் எங்கள் ரிப்போர்ட்.

“என்ன மேடம், வகை சொல்ல முடியலன்னு எழுதிருக்கிய? நான் எதுன்னு நெனச்சு வெட்ட?”

“ஒண்ணும் ஒட்டல டாக்டர். இல்லாதத எழுத முடியுமா?”

“இன்னொரு தடவ ஊசி போடலாம்னா, மொத ஊசிக்கே கணையம் வீங்கி நாலு நாள் வாந்தி. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டா, இனி வேண்டாம்னு.”

“அப்ப?”

“அப்ப என்ன, பெருசுதான்.”

பெருசு என்றால்: கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி, சில சமயம் இரைப்பையின் அடிப்பகுதி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை ஒன்றோடொன்று தைப்பது. ஏழெட்டு மணி நேரம். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கசியாவிட்டாலும் பல மாதம் எழும்ப முடியாது.

கெடுதல் செய்யாத கட்டி என்று உறுதியாகத் தெரிந்தால்? கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“தெரிஞ்சா வெறும் கட்டிய மட்டும் உரிச்சு எடுக்கப் பார்ப்பேன். தெரியலல்லா. இருபத்தி நாலாம் தேதி போட்டிருக்கேன்.”

போகும்போது வாசலில் நின்று சொன்னார். “நீங்க சொல்றதத்தான் நாங்க வெட்டுதோம். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.”

மேடம் கோப்பிலிருந்து நிமிரவில்லை. நான் நிமிர்ந்தே இருந்தேன்.


ஜூன் 12, வியாழன்

எம்.பி.பி.எஸ். முடித்து நோய்க்குறியியல் மேற்படிப்புக்கு வந்ததே நோயாளிகளைப் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான். திசு கேள்வி கேட்காது.

இன்று கேட்டது.

ரிப்போர்ட் நகல் வாங்கக் கவுண்டருக்கு இருவர் வந்தார்கள். கணவர் இசக்கிமுத்து ஸ்கேன் உறையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அந்த அம்மாள் சண்முகக்கனி. அடையாளச் சீட்டில் பெயரையும் 47-ஐயும் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

“இத எழுதுனது யாரு, நீங்களா?”

“மேடம். நானும் கூட இருந்தேன்.”

“பேரே போடலியாமே. எங்க தெருவுல நாய்க்குட்டிக்குக்கூட ரெண்டு நாள்ல பேரு வச்சிருதானுவ. இம்புட்டுப் பெரிய ஆசுபத்திரில ஒரு கட்டிக்குப் பேரு வைக்க ஆளில்லயா?”

“சும்மா இரு கனி,” என்றார் இசக்கிமுத்து.

“நீங்க சும்மா இருங்க. வயிறு உங்களுதா என்னுதா?” என்னிடம் திரும்பினார். “ரேஷன் கடையில பத்தொம்பது வருசமா நிக்கேன் டாக்டரம்மா. எடை போடுறது, ரேகை வாங்குறது, சண்டை போடுறது, எல்லாம் நின்னுக்கிட்டுத்தான். இந்த ஆபரேசன் பண்ணுனா ஆறு மாசம் நிக்க முடியாதாம். சக்கர வரலாமாம். பொழைக்கதே பாதிப்பேருக்குச் சந்தேகம்னு இவரு எங்கயோ கேட்டுட்டு வந்து சோறு தின்ன மாட்டேங்காரு. கெட்ட கட்டின்னா வெட்டுங்க, நான் வேண்டாங்கல. பேரு தெரியாத ஒண்ணுக்கா இம்புட்டும்?”

பாதிப்பேர் இல்லை, அவ்வளவு இல்லை என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நயினார் சார் சொல்வார் என்றேன்.

“நீங்க இன்னொரு வாட்டி பாப்பியளா?”

“பார்க்கிறேன்.”

நகலை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். நடை வேகமான நடை. கணவர் பின்னால் ஓடினார்.


ஜூன் 13, வெள்ளி

பார்த்தேன். மூன்று மணி நேரம்.

முதலில் சாதாரணச் சாய ஸ்லைடு. இளஞ்சிவப்பும் ஊதாவும். சில இடங்களில் செல்கள் நெருக்கமாக, சில இடங்களில் தண்ணீர் விட்டாற்போல் தளர்வாக. நெருக்கமான பகுதியில், இரண்டாவது துணுக்கின் ஓரத்தில், உட்கருக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எதிரே இன்னொரு வரிசை. நடுவில் வெறும் இளஞ்சிவப்பு. பள்ளி மைதானத்தில் இரண்டு வகுப்புகளை எதிரெதிரே நிற்கவைத்துவிட்டு ஆசிரியர் எங்கோ போய்விட்டதுபோல.

இந்த அமைப்பு எனக்குத் தெரியும். புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப்பக்கப் படம் உண்டு. நரம்பின் உறையிலிருந்து வளரும் கட்டி. கையில் வரும், கழுத்தில் வரும், காது நரம்பில் வரும். கணையத்தில் வந்ததாக உலகம் முழுக்கச் சேர்த்தும் கொஞ்சம் பேரைத்தான் எழுதியிருக்கிறார்கள். கெடுதல் செய்யாதது.

ஆனால் நரம்புறைக் கட்டி என்றால் எஸ்-ஹண்ட்ரட் மருந்தில் கருகிய ரொட்டிபோலப் பழுப்பாக வேண்டும். அந்த ஸ்லைடு வெளிர்நீலம்.

மூடிவைக்கப் போனேன். மூலையில் கட்டிக்கு வெளியே ஒரு சிறு நரம்பு தெரிந்தது. கட்டியல்ல, கணையத்தில் எல்லோருக்கும் இருக்கும் சாதாரண நரம்பு. அதுவும் வெளிர்நீலம்.

அது பழுப்பாகியிருக்க வேண்டும். நரம்பு நரம்பில்லை என்று சொல்லாது.

மற்ற நான்கையும் எடுத்தேன். இரத்தக் குழாய்களில் ஒட்ட வேண்டிய மருந்து குழாய்களிலும் ஒட்டவில்லை. ஐந்து ஸ்லைடுகளும் கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவற்றிடம் நாங்கள் கேட்கவே இல்லை. பதில் இல்லாததும் கேள்வி போய்ச் சேராததும் மைக்ராஸ்கோப்பில் ஒரே நிறம்.

மருந்துப் புட்டி கெட்டிருக்கலாம். மின்சாரம் ஏற்ற இறக்கமாக இருந்திருக்கலாம்.

மெஸ்ஸில் தக்காளிச் சாதம். உப்பில்லை.


ஜூன் 14, சனி

லூர்து அக்காவிடம் கேட்டேன். புட்டி நல்ல புட்டி. நேற்றைய கன்ட்ரோலைக் காட்டினார். கன்ட்ரோல் என்பது எப்போதோ எடுத்த ஒருவரின் குடல்வால். அதில் நரம்புகள் உண்டு என்று தெரியும். அவை பழுப்பானால் மருந்து வேலை செய்கிறது. மருந்தை மிச்சம்பிடிக்க வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மட்டும் போடுவது எங்கள் வழக்கம். அதை வைத்து வாரம் முழுக்க நம்புவோம்.

“புது லாட்டு டாக்டரம்மா. முந்துன லாட்டு மாதிரி இல்ல, இதுக்குச் சூடு கறாரா இருக்கணும். குக்கர்ல ஏதும் கோளாறா? கேஸ்கட் பாத்தியளா?”

“பார்த்தேன்.”

“பக்கத்துலயே நின்னியளா?”

“நின்னேன்.”

அக்கா குக்கர் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

செருப்பு தைத்து வாங்கியாயிற்று.


ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்திற்குப் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

செல்வினுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. ஐந்தரை வருடம் என்னுடன் படித்தவன். அவ்வளவுதான். அவனுடைய நிச்சயதார்த்தப் படம் ஏழாம் தேதி சனிக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணி ஆறு நிமிடம்.

நேரம் தெரிவதற்குக் காரணம், செய்தியின் கீழே அது போட்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்துக்குள் சிக்னல் கிடையாது. நடைபாதைக் கோடியில், ஜன்னலருகில்தான் படம் திறக்கும்.


ஜூன் 16, திங்கள்

மதியம் நடைபாதைக் கோடிக்குப் போய் நின்றேன். போன் பார்க்க அல்ல. பன்னிரண்டே கால் வரை நின்றேன்.

விசில்.

பிறகு இன்னொன்று.

எங்கள் குக்கர் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் இருந்தது.

ஜன்னலுக்கு நேர் கீழே சுடலை அண்ணாச்சியின் கேண்டீன். இறங்கிப்போய் டீ சொன்னேன்.

“அண்ணாச்சி, சனிக்கிழமையும் குக்கர் வைப்பீங்களா?”

“என்ன டாக்டரம்மா இப்படிக் கேக்கிய? சனிக்கிழமைன்னா ஆசுபத்திரியில நோயாளி பசிக்காம இருக்கானா? பன்னெண்டு மணிக்குப் பருப்பு வச்சா, நாலு விசில்ல எறக்கிருவேன். ஏன், சாம்பார்ல பருப்பு வேகலியா?”

“வெந்திருந்தது.”

“பொறவு?”

“சும்மா கேட்டேன்.”

“பரிச்ச வருதோ? மூஞ்சி செத்துப்போயிருக்கு. வடை தின்னுங்க.”

வடையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ தாண்டிப் போனார்கள்.


ஜூன் 17, செவ்வாய்

சோதித்தேன். ஊகம் போதாது.

பன்னிரண்டு மணிக்கு லூர்து அக்காவிடம் குக்கரில் வெறும் தண்ணீர் வைக்கச் சொன்னேன். ஆய்வுக்கூடக் கதவைச் சாத்தி, புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, நடைபாதைக் கோடியில் போய் நின்றேன். அன்று இருந்தது போலவே.

எத்தனை கேட்கிறதென்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பி நடந்து கதவைத் திறந்தேன்.

“இங்க எத்தனை அக்கா?”

“ஒண்ணுகூட இன்னும் வரலியே. இப்பத்தான் ஆவி புடிக்கி.”

அக்கா என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். விசிறியையும் அணைத்தார். திடீரென்று அறை மிகவும் அமைதியானது.

“அன்னைக்கு அங்கயா நின்னிய?”

“ஆமா.”

“யாரு போனு?”

“போன் இல்லை. படம்.”

அக்கா கேட்கவில்லை, என்ன படம் என்று. “நானும் ஒருநாள் மகன் பரிச்ச ரிசல்ட்டப் பாத்துக்கிட்டே ஒரு மெழுகு ப்ளாக்க திசுவோட முழுசா வெட்டித் தள்ளிருக்கேன்,” என்றார். “மேடத்துட்ட சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

ஆக, இதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்பதாம் தேதி எழுதியது பொய்யல்ல. மூன்று எண்ணினேன். மூன்றும் கேண்டீன் பருப்பு.

மாலை மேடத்தின் அறை வரை போனேன். ஆய்வுக் குழுவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் ‘பிறகு’ என்றார். நான் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழு நாள் இருக்கிறது.


ஜூன் 18, புதன்

காலை எட்டரைக்கு, அவர் பையை வைக்கும் முன்பே சொன்னேன். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். மூன்று மூச்சு ஆயிற்று.

மேடம் உட்காரவில்லை.

“மூணு விசில் எண்ணினேன்னு சொன்னியே.”

“எண்ணினேன் மேடம். எங்க குக்கரோடது இல்லை. கேண்டீனோடது.”

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பாகத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். பாதியில் நின்றது.

“இன்னும் ஆறு நாள்ல அந்த அம்மாவ மேசைல படுக்க வைக்கப்போறாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“நரம்பு ஒட்டலன்னு வெள்ளிக்கிழமை. காரணம் நேத்து.”

“வெள்ளிக்கிழமை தெரிஞ்சத புதன்கிழமை சொல்றே.”



ஸ்லைடைக் கொண்டுவரச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் நான் குறித்திருந்த மூலைக்குப் போனார். வெகுநேரம் அங்கேயே இருந்தார். கண்ணை எடுக்காமல் பேசினார்.

“இந்த நரம்ப நானும் பார்த்திருக்கணும். கையெழுத்து என்னது.” பிறகு: “அன்னைக்கு வேற கேஸ் ஏதும் வச்சியா?”

“இது மட்டும்தான்.”

“ப்ளாக்ல எவ்வளவு மிச்சம்?”

“நகக்கீற்று அளவு. நாலு துண்டு வெட்டலாம். அஞ்சாவது சந்தேகம்.”

“நாளைக்கு வெட்டு. ஒவ்வொரு ஸ்லைடிலயும் குடல்வால் இருக்கணும். இனிமே எப்பவும். வெள்ளிக்கிழமைக் கதை எல்லாம் வேண்டாம்.” கதவருகில் நான் போனதும், “சுகிர்தா. போனை என் மேசைல வச்சுட்டுப் போ,” என்றார்.


ஜூன் 19, வியாழன்

துணுக்குகள் பதிந்த ப்ளாக்கின், அந்த பாரஃபின் மெழுகுக் கட்டையின் மேல் அக்கா பனிக்கட்டியை வைத்துக் காத்திருந்தார். “குளுந்தாத்தான் ஒழுங்கா வரும். மனுசங்களும் அப்படித்தான்,” என்றார். வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். மெழுகு நாடாபோல வந்தது. முதல் துண்டு. இரண்டாவது. மூன்றாவது வெந்நீரில் மிதக்கும்போது கிழிந்தது. நான் மூச்சு விட்டதனாலா என்று கேட்டேன். “ச்சே, இல்ல,” என்றார், ஆனால் அதற்குப் பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான்காவது வந்தது. ஐந்தாவது வெறும் மெழுகு.

மூன்று துண்டு. முடிந்தது. அந்தக் கட்டையில் இனி ஒன்றுமில்லை.

எஸ்-ஹண்ட்ரட் ஒன்று. குடல் சுவரில் வரும் இன்னொரு வகைக் கட்டி அல்ல என்று பார்க்க ஒன்று. தசையில் வருவதற்கு ஒன்று. மூன்றின் மறுகோடியிலும் குடல்வால்.

குக்கரைப் பதினொன்றே முக்காலுக்கு வைத்தேன். வேண்டுமென்றே. கேண்டீன் பருப்பும் அதே நேரம் கொதிக்கட்டும். ஸ்டூலை அடுப்பருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வெயிட் ஆடியது. நின்றது. தூக்கிக்கொண்டு கத்தியது. கண்ணால் பார்த்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. ஆவி கண்ணாடியில் படிந்தது, துடைக்கவில்லை. இரண்டாவது. ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒன்று கத்தியது. அதற்குக் கோடு போடவில்லை. மூன்றாவது.

“மாமியா மாதிரி உக்காந்திருக்கிய,” என்றார் அக்கா.

பிறகு ஆற வைத்தல், கழுவுதல், மருந்து, காத்திருத்தல், மருந்து, காத்திருத்தல். இடையில் மூன்று உடற்பகுதிகளை அளந்து வெட்டி எழுதினேன். ஒரு கர்ப்பப்பை, ஒரு தைராய்டு, ஒரு விரல். மதியம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

நாலரை மணி. எஸ்-ஹண்ட்ரட் ஸ்லைடைப் பொருத்தினேன். மேடம் இணை மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம். அக்கா பின்னால்.

முதலில் குடல்வாலுக்குப் போனேன். நரம்புகள் பழுப்பு. பிறகு மூலையில் இருந்த அந்தச் சிறு நரம்பு. பழுப்பு.

அதற்குப் பிறகுதான் கட்டிக்குப் போனேன்.

ஒரு செல் விடாமல்.

மற்ற இரண்டு மருந்துகளும் குடல்வாலில் ஒட்டின, கட்டியில் ஒட்டவில்லை. இந்த முறை அது பதில்.

மேடம், “ம்,” என்றார். பிறகு, “என் சர்வீஸ்ல கணையத்துல இது முதல்,” என்றார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல பழுப்பு. அப்பம் மாதிரி,” என்றார்.


ஜூன் 20, வெள்ளி

திருத்திய அறிக்கை: கணைய நரம்புறைக் கட்டி. புற்றுத்தன்மைக்கான அறிகுறி இந்தத் துணுக்குகளில் இல்லை. காரணம் என்ற இடத்தில் மேடம், ‘முந்தைய சாயமேற்றம் தொழில்நுட்பப் பிழையால் செல்லாது’ என்று எழுதி என்னிடம் காட்டினார். ‘பிழை எங்கள் துறையுடையது’ என்று சேர்க்கலாமா என்றேன். சேர்த்தார்.

நானே மாடிக்குக் கொண்டுபோனேன்.

நயினார் சார் இரண்டு தடவை படித்தார். “எப்படிம்மா ஒரு வாரத்துல இந்தக் கட்டி மனசு மாறிச்சு?”

சொன்னேன். பருப்பு வரை சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “நான் ஒருத்தர் வயித்துல பஞ்ச வச்சுத் தச்சிருந்தா நீ சிரிப்பியா? மாட்டேல்லா,” என்றார், நான் சிரித்தது போல. பிறகு பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் பின்புறம் கணையத்தை வரைந்தார். “இங்க இருக்கு. பெரிய குழாயை ஒட்டி. உரிச்சு எடுக்க வந்தா எடுப்பேன். ஆனா ஊசி பாத்தது மூணு நூலுதான். மிச்சம் எப்படின்னு யாருக்குத் தெரியும்? வெட்டும்போதே ஒரு துண்டு அனுப்புவேன். உறைய வச்சுப் பாத்து இருவது நிமிசத்துல சொல்லணும். கெட்டதுன்னா பெருசு. இல்லன்னா சின்னது. உங்க மேடத்தோட நீயும் இருக்கணும்.”

“இருப்பேன் சார்.”

“அந்தம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

“பிழை நடந்ததையுமா சார்?”

ரிப்போர்ட்டை மடித்தார். “புது ரிசல்ட்ட சொல்லுதேன்.”


ஜூன் 21, சனி

விடுதியில் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாளி தூக்கினேன்.

மேடத்திடம் கேட்டேன், நோயாளியிடம் நான் பேசலாமா என்று. “வழக்கமில்லை,” என்றார். கூடாதா என்றேன். “வழக்கமில்லைன்னுதான் சொன்னேன்,” என்றார்.


ஜூன் 22, ஞாயிறு

செல்வினுக்கு ஒரு வரி அனுப்பினேன். வாழ்த்துகள், இருவரும் நன்றாக இருங்கள். நன்றி என்று உடனே வந்தது. அவ்வளவு சிறிய வேலை. பதினைந்து நாள் தள்ளிப்போட்டிருந்தேன்.


ஜூன் 23, திங்கள்

வார்டுக்குப் போனேன். பெண்கள் அறுவைப் பிரிவு, பதினோராவது கட்டில். சண்முகக்கனி தலைமுடியை இரண்டாகப் பின்னி, நாளைக்காகத் தயாராக இருந்தார். இசக்கிமுத்து ஸ்டூலில்.

“அடடே, பேரு வைக்கிற டாக்டர்! சர்ஜன் சொன்னாரு, கெட்டது இல்லயாம்லா. வாயில நுழையாத பேரு ஒண்ணு சொன்னாரு.”

“முதல்லயே தெரிஞ்சிருக்கணும்மா. முதல் தடவை சாயம் போட்டது நான். சரியா வேக வைக்கலை. கவனிக்காம வேற இடத்துல நின்னுட்டேன். அதனாலதான் வகை தெரியலன்னு ரிப்போர்ட் வந்தது. ஒரு வாரம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். தப்பு என்னோடது.”

அவர் சிரித்த முகம் அப்படியே இருக்க, சிரிப்பு மட்டும் போனது.

“அப்ப இந்தப் பத்து நாளு?”

“என்னாலதான்.”

“இந்த மனுசன் பத்து நாளா ஒரு வாய் ஒழுங்காத் திங்கல. பாருங்க, கழுத்தெலும்பு தெரியுது. நான் மகளக் கூப்பிட்டு வச்சு, எது யாருக்குன்னு சொல்லிட்டேன். தெரியுமா? கம்மல் இன்னாருக்கு, பீரோ இன்னாருக்குன்னு. பிள்ள அழுத அழுகை.” குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்கள் திரும்பின. “எங்க கடையில நான் ஒருநா கவனமில்லாம எடை போட்டா ஊரே கூடிரும். உங்களுக்கு யாரும் கூட மாட்டாங்க, இல்ல?”

“மாட்டாங்க.”

“அதான் நீங்களே வந்தியளாக்கும்.”

என்ன சொல்லியிருந்தாலும் அது எனக்காகச் சொன்னதாக இருந்திருக்கும்.

இசக்கிமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். சண்முகக்கனி அவரை முறைத்தார். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“பேரு என்ன சொன்னாரு, திருப்பிச் சொல்லுங்க.”

“ஷ்வானோமா.”

“சுவா...” முயன்று பார்த்து விட்டுவிட்டார். “நாளைக்கு நீங்க எங்க நிப்பிய?”

“கீழே. உங்க துண்டு வந்ததும் நான்தான் வாங்குவேன். மேடமும் நானும் பார்ப்போம்.”

“அடுப்பு உண்டா அதுல?”

“இல்லை. உறைய வைப்போம்.”

“போன் வச்சிருப்பியளா?”

“மாட்டேன்.”

“சரி. போங்க,” என்றார். மன்னித்ததாகத் தெரியவில்லை. பின்னலை முன்னால் போட்டு, நுனியில் ரப்பரை இறுக்கிச் சுற்றினார்.


ஜூன் 24, செவ்வாய்

9.10. அறுவை தொடக்கம் என்று மாடியிலிருந்து தகவல்.

உறையவைக்கும் இயந்திரம் மைனஸ் இருபத்தி நான்கில். கத்தி புதிது. சாயக் கிண்ணங்களைக் காலையில் மாற்றினேன். பக்கத்தில் ஒரு குடல்வால் துண்டு, பழக்கத்தில். இதற்குத் தேவையில்லை.

11.20. துண்டு வந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, வேர்க்கடலை அளவு. நான் கையெழுத்திட்டு வாங்கினேன்.

11.31. ஸ்லைடு. மேடம் ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவர் நகர்த்தவில்லை. “நீ ஓட்டு,” என்றார். ஓட்டினேன். ஓரம் முதல் ஓரம் வரை, உழவுச் சால்போல, ஒரு வரி விடாமல். நெருக்கம். தளர்வு. எதிரெதிர் வரிசைகள், நிறைய. புற்றுக்கு அடையாளமான, பிரிந்து பெருகும் செல் எங்கும் இல்லை. அழுகல் இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து.

“என்ன?” என்றார்.

“நரம்புறைக் கட்டி. புற்றுத்தன்மை இல்லை.”

“உறுதியா?”

“உறுதி மேடம்.”

“போனை எடு. நீயே சொல்லு.”

11.38. சொன்னேன். மறுமுனையில் கருவிகளின் சத்தம், யாரோ உறிஞ்சுகுழாய் கேட்டார்கள். நயினார் சார், “திருப்பிச் சொல்லு,” என்றார். திருப்பிச் சொன்னேன். “சரி, உரிக்கேன்,” என்றார்.

1.50. கட்டி முழுதாக ஒரு டப்பாவில் இறங்கி வந்தது. உறையோடு, ஒரு எலுமிச்சையளவு, வழுவழுப்பாக. கூடவே சீட்டு, அவர் கையெழுத்தில்: கணையக் குழாய் சேதமில்லை. குடலைத் தொடவில்லை.

இன்னும் முடியவில்லை. கணையம் கசியாமல் இருக்க வேண்டும். நான்கைந்து நாள் பார்க்க வேண்டும். முழுக் கட்டியையும் நான் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் சண்முகக்கனி நிற்பார். நிற்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மாடிப்படியில் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் கேண்டீன் பொட்டலம், பிரித்து. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழப் போனார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன்.

திரும்பி வந்து கட்டியை அளந்தேன். 3.7, 3.2, 2.9. எழுதினேன். வெளியே ஒரு விசில் கேட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். எங்கள் அடுப்பு அணைந்திருந்தது. குக்கர் அலமாரியில் கவிழ்ந்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, கத்தியை எடுத்து, கட்டியின் நடுவில் முதல் வெட்டுப் போட்டேன்.